பாதுகையும் சாக்ஸும்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன வேலை என்று கேட்டார். அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் பேராசிரியர் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து மலையாளத்தில் கேட்டார்: “எந்தக் கம்யூனிட்டி?”

இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். நம் ஊரில் கல்லூரிப் பெயரோடு கம்யூனிட்டி என்று சேர்ந்தால் அது யாரோ ஒரு சாதிக்காரர்கள் கட்டிய கல்லூரி. நான் வேலை பார்க்கும் இடம் அப்படியல்ல. கலிபோர்னியாவில் விவசாயம் நடக்கும் ஒரு சின்ன ஊர். அந்த வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம். கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் என் மாணவர்கள். ஒரு கட்டடத்தில் நான் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன். பக்கத்துக் கட்டடத்தில் வெல்டிங் சொல்லித்தருகிறார்கள். இவ்வளவையும் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் எல்லாக் கம்யூனிட்டியும்” என்று முத்திரை குத்தினார். அதைவிடச் சுருக்கமாக எங்கள் கல்லூரி முதல்வர்கூடச் சொன்னதில்லை.

நான் வந்தது ஒரு புத்தகத்துக்காக. இங்கிலீஷில் நான் எழுதிய கவிதைகள் மலையாளத்தில் வெளிவருகின்றன. மொழிபெயர்த்தவர் இதே ஊரில் கரமனையில் இருக்கும் கோமதி மாமி. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இணையத்தில் என் கவிதை ஒன்றைப் படித்துவிட்டு அவராக எழுதினார். அதன் பிறகு இரண்டு மூன்று வருஷமாக நாங்கள் கடிதத் தோழிகள். நேரில் பார்த்ததில்லை. எனக்கு மலையாளம் பேசினால் பாதி புரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதனால் முழுக்க அவரை நம்பி ஒப்படைத்திருந்தேன்.

கரமனை அக்ரஹாரத்தில் ஆட்டோ நுழையும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உருவம், வெள்ளை முடி, கையில் பெரிய கைக்கடிகாரம்.

“வாங்கோ வடிவு, வாங்கோ. யாத்திரை சுகமா இருந்துதா? கொழப்பம் ஒண்ணும் இல்லையே?”

தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் இறங்கி மறுபடி தமிழில் ஏறும் பேச்சு. ஆட்டோக்காரரிடம் திரும்பி முழு மலையாளத்தில் ஒரு அதட்டல். அவர் சிரித்துக்கொண்டே என் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார். பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்கு இந்தத் தமிழ் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

மதியச் சாப்பாட்டில் சேனை எரிசேரி, மாங்காய்ப் பச்சடி, கடைசியில் போளி. போளியை நம் ஊரில் நெய் தடவித் தின்போம். இங்கே அதைப் பிய்த்து இலையில் போட்டு, மேலே பால் பாயசத்தை ஊற்றிக் குழைத்து அடிக்கிறார்கள். முதல் வாய்க்குத் தயங்கினேன். மூன்றாவது போளிக்கு மாமிதான் தயங்கினார்.

சாப்பிட்டதும் புத்தகத்தை என் கையில் வைத்தார். சந்தோஷத்தில் முகர்ந்து பார்த்தேன். அட்டையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் புத்தகத்தின் பெயர் ‘பொறி’ என்று பொருள்படும் ஓர் இங்கிலீஷ் சொல். வெல்டிங் செய்யும்போது பறக்குமே, அந்தப் பொறி.

“விளக்கு எதுக்கு மாமி?”

“மங்களமா இருக்கட்டுமே. மலையாளத்துல ‘ஜோதி’ன்னு வெச்சிருக்கேன், கேட்டேளா.”

பொறிக்கும் ஜோதிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிட்டேன். சாப்பிட்ட போளிக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த நாள் பொன்முடிக்குப் போகலாம் என்று மாமி சொன்னார். காரில் வேண்டாம், பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். எங்கள் கலிபோர்னிய ஊரில் பஸ் என்பது கார் வாங்க முடியாதவர்களின் தலைவிதி. ஒரு பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரோடு பேசி எத்தனை காலமாகிவிட்டது!

மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் ஸ்டீயரிங்கை இழுத்துச் சுற்றும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்த எல்லாரும் ஒரே குடும்பம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். என் பக்கத்தில் பாக்கியம் என்று ஓர் அம்மாள். போனக்காட்டுத் தோட்டத்தில் தேயிலை பறித்தவர், பொன்முடித் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறார். மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு அது என் இடுப்பில் இடித்தது.

ஒரு வளைவு தாண்டியதும் பஸ் நின்றது. முன்தினம் அடித்த மழையில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. மரம் அறுக்க வாள் கொண்டுவர ஆள் போயிருக்கிறது என்றார் கண்டக்டர். அமெரிக்காவாக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் போனை எடுத்துப் புகார் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். இங்கே இறங்கியவர்கள் பாறைமேல் உட்கார்ந்தார்கள். ஒருவர் பையிலிருந்து பழம்பொரிப் பொட்டலம் எடுத்தார், நேந்திரம்பழ பஜ்ஜி. அது கைமாறி என்வரை வந்தது. யார் வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

“சும்மா இருக்கறதுக்கு ஒண்ணு வாசிக்கட்டுமா?” என்றார் மாமி. பையில் புத்தகம் இருந்தது.

கணீரென்ற குரல். பேசிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். எந்தக் கவிதை என்று எனக்கு ஓசையிலேயே தெரிந்துவிட்டது. அதன் தொடக்கம் தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

திரையை உயர்த்து.
கண் கெடும் என்று நீ எச்சரித்த ஒளிக்குப் பின்னால்
உன் முகம் இருக்கிறது.
அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

மாமி வாசிக்க வாசிக்க என் காதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப விழுந்தது. அங்ஙு, அங்ஙு. நான் இந்தக் கவிதையில் ‘அங்கு’ என்று எங்குமே எழுதவில்லையே என்று யோசித்தேன்.

வாசித்து முடித்ததும் பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, “நல்ல பாட்டாக்கும். இது எந்த அம்பலத்துச் சாமி மேலக்கா?” என்றார்.

நான் மாமியின் பக்கம் திரும்பினேன்.

“மாமி, அங்ஙுன்னா என்ன?”

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மரியாதையா ‘தாங்கள்’னு சொல்ற மாதிரியாக்கும். ராஜாவை, பெரியவாளை…” கொஞ்சம் நிறுத்தி, “பகவானை” என்றார்.

“என் புத்தகம் முழுக்க அப்படித்தானா?”

“முழுக்க.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “மாமி, அது சாமி இல்ல. ஆளு. ரமோன்னு பேரு. எங்க காலேஜ்ல வெல்டிங் சொல்லிக்குடுக்கறவர். திரைன்னா வெல்டிங் பண்ணும்போது மூஞ்சில மாட்டுற கவசம். ஒளின்னா அந்த ஒளி!”

இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். பாறையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமி தலையைக் குனிந்துகொண்டார். பாக்கியம் மட்டும் பலாப்பழத்தை இன்னொரு பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, “ஆளு எப்பிடி? தங்கமானவனா?” என்று விசாரித்தார்.

“தங்கமானவர்தான்” என்றேன்.

“பின்னே என்னா?” என்றார் அவர்.

மரத்தை அறுத்து நகர்த்தினார்கள். பொன்முடி உச்சியில் ஒன்றும் தெரியாத அளவுக்கு மூடுபனி. மாமியும் நானும் ஆளுக்கொரு பால் இல்லாத கட்டன் சாயாவை வாங்கிக்கொண்டு, எதிரே மலை இருக்கிறது என்ற நம்பிக்கையில் நின்றோம். திரும்பும்போது மாமி ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். மலை இறங்கி விதுர என்ற ஊர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“முதல்ல நிஜமாவே பகவான்னுதான் நினைச்சேன், வடிவு. அக்னி, ஜோதி, இரும்பு உருகறது, ரெண்டு ஒண்ணாறது… எல்லாம் அப்படித்தானே இருக்கு. அப்புறம் சாக்ஸ் வந்துது.”

அது நான் மிகவும் விரும்பும் கவிதை. விடிந்ததும் கட்டிலடியில் அவருடைய சாக்ஸ் கிடக்கிறது, ஒன்று என் பக்கம், இன்னொன்று அவர் பக்கம்.

“பகவானுக்கு ஏது சாக்ஸ்? அப்போவே புரிஞ்சுடுத்து.”

“பிறகு அதை என்ன செஞ்சீங்க?”

“பாதுகைன்னு போட்டேன்.”

கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் கட்டிலடியில் ஒற்றைப் பாதுகை கிடப்பதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மாமி சிரிக்கவில்லை.

“நீங்கோ எழுதிட்டு அமெரிக்காவுக்குப் போயிடுவேள். நான் அந்தத் தெருவுலதான் இருக்கேன். கல்யாணம் பண்ணிக்காதவ, தனியா இருக்கறவ, இந்த வயசுல இதை எழுதறாளான்னு கேப்பா. விட மனசில்லை. அவ்வளவு பிடிச்சிருந்துது. அதான் பகவான் பேர்ல எழுதிண்டேன்.”

எனக்கும் அப்படி ஒரு தெரு உண்டு. என் கணவர் இறந்து சில வருஷங்களாகின்றன. ரமோனைப் பற்றி என் மகளுக்குத் தெரியும். இந்தியாவில் யாருக்கும் தெரியாது. முக்கியமாக, அக்காவுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மாலைதான் புத்தக வெளியீட்டு விழா. அன்று காலை, விடுதியில் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏட்டி, மத்தியான வண்டிக்கு வாரேன். அழைப்பிதழ பாத்தேன். பக்திக் கவிதைன்னு போட்டிருக்கு! நீ சாமி கும்பிடுததே இல்லன்னு எத்தன நாளு வருத்தப்பட்டிருக்கேன். நம்ம சொந்தக்காரங்க குரூப்புல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். மதினி அழுதுட்டா தெரியுமா?”

புட்டு ஆறிப்போனது. யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் வசதியான ஏற்பாடு இது. மாமிக்குத் தெருவில் மரியாதை. அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு புத்தகம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ரமோனைக் கூப்பிட்டேன். அவருக்கு அது சாயங்காலம்.

“என்னைக் கடவுளாக்கிவிட்டார்களா?” என்று வெகுநேரம் சிரித்தார். பிறகு, “உன் புத்தகம், நீ என்ன செய்தாலும் சரி. எனக்கு என் வேலையே போதும்” என்றார்.

அவர் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் என்னை உலுக்கியது. எங்கள் வகுப்பில் சேருகிறவர்கள் முதல் நாள் தலையைக் குனிந்தே இருப்பார்கள். உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் பெயரில் எழுதுங்கள், வேறு யார் தலையிலும் கட்டாதீர்கள் என்று நான்தான் ஒவ்வொரு பருவமும் அதட்டுகிறேன். எனக்கு வந்தபோது குத்துவிளக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதா?

பஸ் பிடித்துக் கரமனைக்குப் போனேன். மாமி கூடத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் பென்சிலால் ஏதோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

“மாமி, நான் மேடையில உண்மையைச் சொல்லப்போறேன். மலையாள வாசிப்பை வேண்டாம்னு விட்டுடலாம். உங்களுக்குச் சங்கடம் வராது.”

அவர் நிமிரவில்லை. “அங்ஙை எல்லாம் அடிச்சுண்டிருக்கேன். நீன்னு போட்டா தாளம் இடிக்கறது. ஒண்ணு ரெண்டு எடத்துல மாத்தி எழுதணும். காபி போட்டுத் தரேளா? டிகாக்ஷன் இருக்கு.”

நான் போய்க் காபி போட்டேன்.

மண்டபம் சின்னது. தெருக்காரர்கள், மாமியின் பழைய வங்கித் தோழிகள், கொஞ்சம் கல்லூரிப் பெண்கள். அக்கா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்கு வந்தவள்போலத் திருநீறு பூசியிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

முதலில் நான் பேசினேன். அழைப்பிதழில் தவறாக வந்துவிட்டது, இவை காதல் கவிதைகள் என்றேன். யாரைப் பற்றியவை என்பதையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தூங்கி வழியும் வகுப்புகளில் பழகிய குரல் அது. அக்காவை மட்டும் பார்க்காமல் பேசினேன்.

பிறகு நான் ஒரு கவிதையை இங்கிலீஷில் வாசிக்க, மாமி அதை மலையாளத்தில் வாசிப்பது என்று போனது. முதல் ‘நீ’ வந்த இடத்தில் மாமியின் குரல் கொஞ்சம் தட்டுத்தடுமாறியது. அடுத்த ‘நீ’ தெளிவாக விழுந்தது. அதன் பிறகு அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. சாக்ஸ் வந்தபோது, “சாக்ஸ்” என்றே வாசித்தார். வங்கித் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி விசிலடித்தாள்.

முடிந்ததும் தெருப் பெரியவர் ஒருவர் எழுந்தார். எங்கள் இருவரையும் காப்பாற்றிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம் அவருக்கு.

“என்ன இருந்தாலும், ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடறதுன்னு எடுத்துக்கலாம், இல்லையா?”

“எடுத்துக்கலாம் சார். நான் எழுதினது வெல்டிங் வாத்தியாரைத்தான்” என்றேன்.

மண்டபம் சிரித்தது. சிரிக்காதவர்களும் இருந்தார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மாமியின் எதிர்வீட்டு அம்மாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மாமியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார். “வாங்கிண்டு போறாளே, அது போதும். ஒரு வாரம் பேசமாட்டா. அப்புறம் கறிவேப்பிலை கேட்டு வருவா” என்றார் மாமி. ஆனால் அவர் கண் அந்த அம்மாள் தெருமுனை திரும்பும்வரை பின்னாலேயே போனது.

அக்கா கூட்டத்தில் கொடுத்த போளியைத் தொடவில்லை. ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். என்னைவிட ஆறு வயது பெரியவள். என் கணவர் இறந்தபோது விசா வாங்கித் தனியாக விமானம் ஏறி, இங்கிலீஷ் தெரியாமல் இரண்டு ஊரில் மாறி, என் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அவளிடம் தனியாக முதலில் சொல்லியிருக்கலாம். மேடையில் சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று நான் நினைத்தது உண்மை. அதுவும் அவளுக்குப் புரிந்திருக்கும்.

வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“யக்கா, ஏதாவது சொல்லிட்டுப் போ.”

“இப்ப ஒண்ணும் கேக்காத. வண்டி கெளம்பட்டும்” என்றாள்.

வண்டி கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். விடுதிக்குப் போக மனம் வரவில்லை. பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்த தென்காசிப் பக்கத்து ஆட்கள், ஊருக்குப் போகும் உற்சாகத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயா வாங்கிக் குடித்தேன். போன் அடித்தது.

“நெய்யாற்றின்கரையில நிக்கி வண்டி. அந்த ஆளுக்குப் பிள்ளைங்க உண்டா?”

“ஒரு பையன்க்கா. வேலைக்குப் போறான். பொண்டாட்டி செத்துப்போய் ரொம்ப நாளாச்சு.”

வைத்துவிட்டாள். பாறசாலையில் மறுபடி அடித்தது.

“குடிப்பானா?”

“ஞாயித்துக்கிழம ஒரு பீரு.”

“ஒண்ணு ஒண்ணுன்னுதான் எல்லாவனும் சொல்லுவான்.” வைத்துவிட்டாள்.

வண்டி குழித்துறை வந்திருக்கும் நேரத்தில் கூப்பிடவில்லை. எழுந்து நடந்தேன். மேம்பாலம் வரை போனேன். ஒருவேளை அவ்வளவுதானோ என்று நினைத்தேன். குடும்பக் குரூப்பில் என்ன எழுதிக்கொண்டிருக்கிறாளோ என்று போனைத் திறக்கப் பயமாக இருந்தது. வெளியே வந்து ஆட்டோ பேசிக்கொண்டிருக்கும்போது அடித்தது.

“இரணியல் தாண்டி நேரமாச்சு. கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

சக்கரச் சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரோ குழந்தையை அதட்டும் சத்தமும்.

“அவரு ஒன்ன என்னன்னு கூப்பிடுதாரு?”

ஆட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். கல்லூரியில் எல்லாருக்கும் நான் ‘ஷான்’. வாயில் நுழையவில்லை என்று வந்த புதிதில் அவர்களே வைத்த பெயர், நானும் விட்டுவிட்டேன்.

“சண்முகவடிவுன்னு கூப்பிடுவார்க்கா. முழுசா. ஒரு மாசம் சொல்லிப் பழகினார். இன்னும் ‘ழ’ல்லாம் வராது, ஆனா என் பேரு வரும்.”

அந்தப் பக்கம் சக்கரச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

“அப்பாதான் ஒன்ன அப்பிடி முழுசாக் கூப்பிடுவாவ” என்றாள். பிறகு, “நாகர்கோவில் வந்துட்டு. பைய எடுக்கணும், வைக்கேன்.”